ஐசோமெட்ரிக் படத்தின் மறுபக்கம்

"படம் பிரமாதம். இதையே கொஞ்சம் திருப்பி, பின்பக்கம் தெரிகிற மாதிரி அனுப்பிவிடுங்களேன்."

வரைவுத் தொழிலில் இருக்கும் எவரும் இந்தக் கோரிக்கையிலிருந்து தப்பியிருக்க முடியாது. கேட்பவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் திரையில் பார்த்தது நீளம், அகலம், உயரம் மூன்றும் தெரியும்படி நிற்கும் ஒரு பொருளை. பிடித்துத் திருப்பினால் திரும்பும் என்று நினைப்பது இயல்பு. சில கோப்புகளில் அது நொடி நேர வேலை. வேறு சிலவற்றில் அரைநாள் போய்விடும். கேட்பவர் கண்ணுக்கு இரண்டு கோப்புகளும் ஒன்றுபோலவே இருக்கும். கோப்பு கைமாறி வந்திருந்தால் வரைவாளர் கண்ணுக்கும் அப்படித்தான்.

கேட் எனப்படும் கணினி வரைவு மென்பொருளில், ஒரு பொருளை மூலையிலிருந்து மூன்று முகங்கள் தெரியப் பார்க்கும் ஐசோமெட்ரிக் படம் இரண்டு வழிகளில் பிறக்கிறது. முதல் வழி, பழைய வரைபலகை வேலையின் தொடர்ச்சி. தளம் தட்டையானது; அதில் செங்குத்துக் கோடுகளும் இடப்புறம் 30 டிகிரி, வலப்புறம் 30 டிகிரி சாய்ந்த கோடுகளும் போட்டு, முப்பரிமாணம் போன்ற தோற்றத்தை உண்டாக்குவது. ஆட்டோகேட் மென்பொருளில் கர்சரைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்நாப் அமைப்பை ஐசோமெட்ரிக்குக்கு மாற்றிவிட்டு, எஃப்5 விசையைத் தட்டத் தட்ட கர்சர் இடத்தளம், மேல்தளம், வலத்தளம் என்று மாறிக்கொண்டே வரும். வட்டம் வேண்டிய இடத்தில் எலிப்ஸ் கட்டளைக்குள் போய் ஐசோசர்க்கிள் என்ற தேர்வை எடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் பொருளை உண்மையாகவே முப்பரிமாண மாதிரியாகக் கட்டி, அதை ஒரு மூலையிலிருந்து பார்க்கிறோம். அங்கே ஐசோமெட்ரிக் என்பது நாம் நிற்கும் இடம் மட்டுமே.

எது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பார்வையைச் சுழற்றும் ஆர்பிட் கட்டளையைக் கொடுத்து லேசாக இழுத்துப் பாருங்கள். தட்டையான படமானால் மேசை மேல் கிடக்கும் தாள் போலச் சரிந்து படுத்துவிடும். ஏதேனும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்துப் பண்புகளைப் பார்த்தாலும் போதும். இரு முனைகளுக்கும் உயரத்தைச் சொல்லும் இசட் மதிப்பு பூஜ்யம் என்று இருக்கும். அந்தப் படத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பெட்டி வடிவப் பொருளின் ஆறு முகங்களில் மூன்றைத்தான் வரைந்தவர் வரைந்திருக்கிறார். மற்ற மூன்றும் அவர் மனத்தில் இருந்தன, அல்லது மேல் தோற்றத்திலும் பக்கத் தோற்றத்திலும் இருந்தன. கோப்பில் இல்லாததை எந்தக் கட்டளையும் திருப்பிக் காட்டாது.

ஆனாலும் மனிதர்கள் முயன்று பார்க்காமல் விடுவதில்லை. அந்த முயற்சிகளில் என்ன நடக்கிறது என்பதில் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. ஒரு எல் வடிவத் தாங்கியை எடுத்துக்கொள்வோம். கிடைத்தட்டில், வலது முனையை ஒட்டி ஒரே ஒரு துளை. அதைத் தட்டையான ஐசோமெட்ரிக் படமாக வரைந்தாயிற்று. இப்போது ரொட்டேட் கட்டளையில் 90 டிகிரி கொடுத்தால் படம் அலங்கோலமாகிவிடும். நின்ற கோடுகள் படுத்துக்கொள்ளும், 30 டிகிரிக் கோடுகள் 60 டிகிரியில் நிமிர்ந்துகொள்ளும். தவறு என்று உடனே தெரிவதால் இதனால் ஆபத்து இல்லை.

120 டிகிரி கொடுங்கள். கோடுகள் எல்லாம் ஐசோமெட்ரிக் கட்டத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும். படம் சரியான படமே. ஆனால் தாங்கி கவிழ்ந்து கிடக்கிறது: நின்ற தட்டு படுத்துவிட்டது, அகலமாக இருந்த திசை உயரமாகிவிட்டது. ஒரு கனசதுரத்தை அதன் எதிரெதிர் மூலைகள் வழியே போகும் மூலைவிட்டத்தில் கோத்து மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் மூன்று அச்சுகளும் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்றாக நகர்ந்துவிடும். தாளில் நாம் செய்ததும் அதே சுழற்சிதான், ஏனென்றால் ஐசோமெட்ரிக்கில் நம் பார்வை ஓடுவது சரியாக அந்த மூலைவிட்டத்தின் வழியாக.

60 டிகிரிதான் வில்லங்கமானது. இதிலும் கோடுகள் கட்டத்தோடு பொருந்தும், எதுவும் கோணலாகத் தெரியாது. ஆனால் மூன்று முகங்கள் சந்திக்கும் அந்த நடுமூலை தலைகீழாகிவிடுகிறது. மேலிருந்து பார்த்த பொருள் இப்போது கீழிருந்து அண்ணாந்து பார்த்த பொருளாகப் படிக்கப்படும். மேல்தட்டு என்று நினைத்த முகம் அடித்தட்டாகிவிடும். 180 டிகிரியும் இதே கணக்குத்தான். விவரம் தெரிந்த கண்கூட இதில் ஒரு கணம் தடுமாறும். ஏதோ சரியில்லை என்று தோன்றும், எது என்று சொல்ல வராது.

எல்லாவற்றையும்விட மோசமானது மிரர் கட்டளை. மறுபக்கப் பார்வை வேண்டும் என்றதும் கை தானாக அங்கேதான் போகிறது. இடது சாய்வு வலது சாய்வாகும், வலது இடதாகும். பொருள் வேறு பக்கமாகத் திரும்பி நிற்பது போலவே இருக்கும். தாங்கிக்கு இடவலச் சமச்சீர் இருந்தால் உண்மையிலேயே அது பக்கத்து மூலையிலிருந்து பார்த்த சரியான தோற்றம். ஆனால் நம் தாங்கியில் துளை ஒரு முனையில் மட்டும் இருக்கிறதே. கண்ணாடி பிம்பத்தில் அது எதிர் முனைக்குப் போய்விட்டது. அந்தப் படத்தை நம்பிச் செய்யப்பட்ட தாங்கி, இடக்கைக் கையுறை வலக்கையில் ஏறாததைப் போல எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தாது என்று நான் பயிற்சி பெறுபவர்களிடம் சொல்வதில்லை; துளையை மட்டும் காட்டுவேன், அவர்களே புரிந்துகொள்வார்கள். திருகுமரை இருக்கும் பாகம் என்றால் வலப்புரி மரை இடப்புரி மரையாகிவிடும். கூடவே எழுத்துகள் தலைகீழாகாமல் மென்பொருள் நேராக்கிவிடுவதால், பிம்பம் என்பதற்கான கடைசித் தடயமும் அழிந்துவிடுகிறது.

ஐசோமெட்ரிக் முறையை ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். அவருடைய கட்டுரை 1822-இல் வெளிவந்தது. அவர் ஏன் அதில் இறங்கினார் என்பது எனக்குப் பிடித்த பகுதி. வகுப்புகளில் இயந்திர மாதிரிகளை இயக்கிக் காட்டுவது அவர் வழக்கம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மாதிரி வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, சக்கரங்கள், தண்டுகள், சட்டங்கள் என்று பொதுவான உறுப்புகளை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு முன் பூட்டி, முடிந்ததும் கழற்றிவிடுவார். பூட்டுகிறவர்கள் அவருடைய உதவியாளர்கள். எது எங்கே பொருந்தும் என்று அவர்களுக்குக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அந்தப் படத்தில் மூன்று திசைகளிலும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தால் நல்லது. ஐசோமெட்ரிக் அந்தத் தேவைக்குப் பிறந்தது. படத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை; திரும்பக்கூடிய பொருள் மேசை மேலேயே இருந்தது.

இனி முப்பரிமாண மாதிரிக்கு வருவோம். இங்கே திருப்புவது சுலபம் என்பதே சிக்கல்.

சரியான ஐசோமெட்ரிக் பார்வைக்குப் பொருளைச் செங்குத்து அச்சைச் சுற்றி 45 டிகிரி திருப்பி, பிறகு 35.264 டிகிரி முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். பலகைக் காலத்தில் நீள்வட்ட அச்சுத்தகடுகளில் 35 டிகிரி 16 நிமிடம் என்று பொறித்திருப்பார்களே, அதே எண்தான். கனசதுரத்தின் உள் மூலைவிட்டம் அடித்தளத்தோடு செய்யும் கோணம் அது. 30 டிகிரி என்பது தாளில் கோடு சாயும் அளவு, 35.264 என்பது கண் உயர்ந்து நிற்கும் அளவு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 30 டிகிரி உயரத்தில் கண்ணை வைத்தால் தாளில் கோடு 26.57 டிகிரிதான் சாயும். பழைய கணினி விளையாட்டுகளில் இரண்டு புள்ளி பக்கவாட்டில், ஒரு புள்ளி மேலே என்று படிக்கட்டாக ஏறிய கோடுகள் அந்தச் சாய்வு. அவற்றை ஐசோமெட்ரிக் என்று எல்லோரும் அழைக்கிறார்கள்; கணக்குப்படி அவை டைமெட்ரிக், அதாவது இரண்டு அச்சுகள் மட்டும் ஒரே அளவில் சுருங்குபவை. "45, 45 வைத்துவிட்டேன்" என்பவர்களும் உண்டு. அப்படி வைத்தால் செங்குத்து அளவு 0.707 ஆகச் சுருங்கும். கிடை அச்சுகள் 0.866-இல் நிற்கும். மூன்று அச்சும் ஒரே அளவு என்ற ஒற்றை நன்மையும் போய்விடுகிறது.

சரியான இடத்தில் நின்றால் மூன்று அச்சுகளும் 0.816 ஆகச் சமமாகச் சுருங்கும். அதாவது 100 மில்லிமீட்டர் விளிம்பு திரையில் 81.6 மில்லிமீட்டராகத் தெரியும். தட்டையாக வரைந்த படத்தில் யாரும் இந்தச் சுருக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. 100 என்றால் 100 என்றே போடுவார்கள். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சரி. ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 22 சதவீதம் பெரிதாக நிற்கும். தாளில் மாதிரியைக் காட்டும் சாளரமான வியூபோர்ட்டின் அளவை 1.2247 ஆல் பெருக்கிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். இந்த எண்ணைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இன்னொன்று: பார்வை பெர்ஸ்பெக்டிவ் முறையில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தூரத்து விளிம்பு சிறுத்துவிடும், இணைகோடுகள் கூம்பும். திரையின் ஓரத்தில் திசைகாட்டும் கனசதுரமான வியூக்யூபின் மூலையைச் சொடுக்கினேனே, பிறகு ஏன் கோடுகள் 30 டிகிரியில் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

கனசதுரத்துக்கு எட்டு மூலைகள். எனவே எட்டு ஐசோமெட்ரிக் பார்வைகள்: மேலிருந்து நான்கு, கீழிருந்து நான்கு. ஆட்டோகேட் மேலிருக்கும் நான்குக்கும் திசைப்பெயர் வைத்திருக்கிறது: தென்மேற்கு, தென்கிழக்கு, வடகிழக்கு, வடமேற்கு. இந்தப் பெயர் நாம் நிற்கும் இடத்தைக் குறிக்கிறது, பார்க்கும் திசையை அல்ல. தென்மேற்கு ஐசோமெட்ரிக் என்றால் தென்மேற்கு மூலையில் நின்று வடகிழக்கைப் பார்க்கிறோம். அப்போது எக்ஸ் அச்சு வலப்புறம் மேலேறிப் போகும், வடக்கு எனக் கொள்ளப்படும் ஒய் அச்சு இடப்புறம் மேலேறிப் போகும். விபாயிண்ட் கட்டளையில் -1,-1,1 என்று கொடுப்பதும் இதே இடம்தான். நான் இன்னும் அந்தக் கட்டளையையே தட்டுகிறேன். மூன்று எண்களும் கண் எங்கே நிற்கிறது என்பதை நேராகச் சொல்லிவிடுகின்றன. மனத்துக்குள் எதையும் சுழற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

இளையவர்கள் வியூக்யூபைத்தான் சொடுக்குகிறார்கள். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008-இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். ஆட்டோகேடின் 2009 பதிப்பில் அது வந்து சேர்ந்தது. ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் என்று 26 இடங்களில் சொடுக்கலாம். நல்ல கருவி, மறுக்கவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்ற கேள்விக்கு எப்போதும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. என் ஒரே குறை, அதன் வடக்கு எந்த வடக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கனசதுரத்துக்குக் கீழே சிறிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உலக ஆயத்தொகுதிக்குப் பதில் வேறு ஏதாவது யூசிஎஸ், அதாவது பயனர் அமைத்த ஆயத்தொகுதி, தேர்வாகியிருந்தால், தென்மேற்கு மூலை என்று நீங்கள் சொடுக்குவது உங்கள் சக ஊழியரின் தென்மேற்கு மூலையாக இருக்காது. இருவரும் சரியான கட்டளையையே கொடுத்திருப்பீர்கள்.

மவுஸால் இழுத்துச் சுழற்றுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் செங்குத்து அச்சு எப்போதும் செங்குத்தாகவே இருக்கும். பொருள் தன் இடத்தில் சுழலும், கண் மேலேயும் கீழேயும் போய்வரும். ஆட்டோகேடின் கட்டுப்பட்ட ஆர்பிட் இப்படிப்பட்டது. மற்றதில் கட்டுப்பாடே கிடையாது. பொருள் எந்தப் பக்கமும் உருளும். கட்டுப்பாடற்ற சுழற்சியை நான் அநேகமாகத் தொடுவதில்லை. அதில் மவுஸை ஒரு சிறு வட்டமாகச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தாலும் பொருள் பழைய நிலைக்கு வராமல் தலை சாய்ந்து நிற்கக்கூடும். சுழற்சிகளை வரிசை மாற்றிச் செய்தால் விளைவும் மாறும் என்ற கணித உண்மையின் சின்னக் குறும்பு அது. 1992-இல் கென் ஷூமேக் முன்வைத்த ஆர்க்பால் முறை இந்தக் குறும்பை அடக்கியது: ஒரே இழுப்பில் எந்தப் பாதையில் சுற்றினாலும், தொடங்கிய புள்ளிக்குத் திரும்பினால் பொருளும் தொடங்கிய நிலைக்குத் திரும்பும். அதற்காகச் செங்குத்து அச்சு செங்குத்தாகவே இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை. கட்டடமோ குழாய்த்தொகுதியோ வரைபவருக்கு அந்த உறுதிதான் முக்கியம். கையில் எடுத்துப் பார்க்கும் சிறு இயந்திர உறுப்பை வடிவமைப்பவருக்கு, உருளுவது தேவைப்படலாம்.

விசைப்பலகையால் திருப்புபவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் கண்ட்ரோலும் 7-ம் அழுத்தினால் ஐசோமெட்ரிக் வரும். அம்பு விசைகள் வழக்கமாக 15 டிகிரி வீதம் திருப்பும். ஷிஃப்டையும் சேர்த்தால் 90 டிகிரி. ஐசோமெட்ரிக்கில் நின்றுகொண்டு 90 டிகிரி திருப்பினால் அடுத்த மூலையின் ஐசோமெட்ரிக் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். திரையின் செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்பினால் அது வராது. ஐசோமெட்ரிக்கில் பொருளின் செங்குத்து அச்சு நம்மை நோக்கி 35 டிகிரி சாய்ந்திருக்கிறது. திரையின் அச்சைச் சுற்றி 90 டிகிரி போனதும் அந்தச் சாய்வு அப்படியே பக்கவாட்டுச் சாய்வாகிவிடும். பொருள் கப்பல் தளத்தில் நிற்பது போல ஒருக்களித்து நிற்கும். பொருளின் சொந்த அச்சைச் சுற்றித் திருப்பினால்தான் அடுத்த மூலை கிடைக்கும்.

சரி, எட்டு மூலைகளில் ஒன்றில் கச்சிதமாக வந்து நின்றாயிற்று. அந்த இடம் நல்ல இடமா? இங்கேதான் என் கருத்து தொழில் வழக்கத்தோடு முரண்படுகிறது. எனக்குத் தெரிந்து, பெரும்பாலான பொருள்களைப் பார்க்க ஐசோமெட்ரிக் சுமாரான இடம். சில பொருள்களுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

காரணம் எளியது. பார்வை ஓடுவது மூலைவிட்டத்தின் வழியாக என்று சொன்னேன். அந்தத் திசையில் ஓடும் எந்தக் கோடும் புள்ளியாகிவிடும். அந்தத் திசையை உள்ளடக்கிய எந்தத் தளமும் கோடாகிவிடும். கம்பிச்சட்டமாக வரைந்த கனசதுரத்தைப் பாருங்கள்: முன்மூலையும் பின்மூலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஆறு முக்கோணங்கள் சேர்ந்த அறுகோணம் மட்டும் மிஞ்சும். கனசதுரம் என்று சொன்னால்தான் தெரியும். படிகவியலாளர் லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832-இல் விவரித்த அந்தப் புகழ்பெற்ற கம்பிக் கனசதுரமாவது, முன்னும் பின்னும் மாறி மாறித் தெரியும் இரண்டு வடிவங்களைத் தருகிறது. ஐசோமெட்ரிக்கில் நிற்கும் கனசதுரம் தட்டை வடிவம் என்ற மூன்றாவது வாய்ப்பையும் தந்துவிடுகிறது.

கனசதுரம் பாடப்புத்தக உதாரணம் என்று தள்ளிவிடலாம். 45 டிகிரி என்பது தொழிலில் எங்கும் இருக்கிறதே. 45 டிகிரி சரிவுள்ள இருசரிவுக் கூரையை ஐசோமெட்ரிக்கில் பாருங்கள். நம்மை நோக்கிய சரிவு விரிந்து தெரியும். பின்சரிவு சரியாக விளிம்பு வாட்டத்தில் வந்து, ஒற்றைக் கோடாக மறைந்துவிடும். ஒரு டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ இருந்திருந்தால் ஒரு கீற்றாவது தெரியும், அல்லது முற்றிலும் மறையும். இப்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 45 டிகிரியில் சீவிய விளிம்புகளில் சிலவற்றுக்கும் இதே கதி.

குழாய்களில் இது இன்னும் விபரீதம். கிடையாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் 45 டிகிரியில் நம்மை நோக்கி ஓடும் குழாயை ஐசோமெட்ரிக்கில் போட்டால், அது செங்குத்தாக இறங்கும் குழாயாகத் தெரியும். ஏறக்குறைய அல்ல, அச்சு அசலாக. ஒரே கோடு, ஒரே திசை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் பார்வைத் திசையிலேயே கிடப்பதால் படத்தில் விழவே விழாது. குழாய் வரைபடங்களில் சாய்ந்து போகும் குழாய்க்கு அருகே முக்கோணமோ பெட்டியோ போட்டுக் கோடுகளால் நிரப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக அல்ல. அது இல்லாவிட்டால் குழாய் எங்கே போகிறது என்று படிக்க வழியே இல்லை.

மாதிரி கையில் இருந்தால் தீர்வு எளிது: பத்து டிகிரி நகர்ந்து நில்லுங்கள். மூன்று அச்சுகளும் மூன்று விதமாகச் சுருங்கும் டிரைமெட்ரிக் நிலைக்குப் போனதும் ஒட்டிக்கிடந்த விளிம்புகள் பிரிந்து, கூரையின் பின்சரிவு தன் நிலையைச் சொல்லிவிடும். இப்படிப் பொருளைச் சாய்வாகக் காட்டும் ஆக்ஸோனோமெட்ரிக் படங்களுக்கான ஐஎஸ்ஓ 5456-3 தரநிர்ணயமே ஐசோமெட்ரிக்குக்கு இணையாக டைமெட்ரிக் முறையையும் வைத்திருக்கிறது: ஒரு அச்சு 7 டிகிரி, மற்றது 42 டிகிரி, பின்னோக்கிப் போகும் அச்சுக்குப் பாதி அளவு. முகப்பு முக்கியமான பொருளுக்கு அது அருமையான பார்வை. சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் இரண்டிலும் ஐசோமெட்ரிக், டைமெட்ரிக், டிரைமெட்ரிக் மூன்றும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. பின் இரண்டையும் யார் தொடுகிறார்கள்? ஃபாரிஷின் உதவியாளர் படத்தில் அளவுகோலை வைத்து அளந்திருப்பார். இன்று ஐசோமெட்ரிக் தோற்றத்தில் அளவுகோல் வைப்பவரை நான் பார்த்ததில்லை. அளவுகள் எழுதியிருக்கின்றன, இல்லாவிட்டால் மாதிரியைக் கேட்கலாம். சம அளவுக்காகத் தெளிவை விட்டுக்கொடுத்த பழைய பேரத்தில், சம அளவு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. தெளிவை மட்டும் இன்னும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

குழாய் ஐசோமெட்ரிக் இதற்கு விதிவிலக்கு, ஏனென்றால் அது படமாகவே இருக்க விரும்பவில்லை. ஒற்றைக் கோட்டுக் குழாய், அளவுக்கு வரையப்படாதது, நூறு மீட்டர் ஓட்டத்தை விரலளவுக்குச் சுருக்குவார்கள், ஒரு கைப்பிடி தூரத்தில் நெருங்கிக் கிடக்கும் வால்வுகளைத் தாராளமாகப் பரப்பி வைப்பார்கள். 30 டிகிரிக் கோடு இங்கே திசையைச் சொல்லும் குறியீடு. எனவே இங்கே திருப்புவது என்றால் தாளின் மூலையில் இருக்கும் வடக்கு அம்பை மாற்றுவது. வடக்கு இடது மேல்பக்கம் காட்டினால் நாம் தென்மேற்கில் நிற்கிறோம்; வலது மேல்பக்கம் காட்டினால் தென்கிழக்கில். ஒன்றின்மேல் ஒன்று விழும் குழாய்கள், அம்பை மாற்றியதும் பிரிந்து வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தொகுதியில் பாதித் தாள்கள் ஒரு வடக்கிலும் மீதி வேறு வடக்கிலும் இருந்தால், தாள்களை அடுத்தடுத்து விரித்துக் குழாயைத் தொடர்ந்து போகும் பொருத்துநர் ஒவ்வொரு தாளிலும் தன்னைத் தானே திருப்பிக்கொள்ள வேண்டும். கோடுகள் மோதினால் நான் நீளத்தை இழுப்பேன், கோட்டை வெட்டி இடைவெளி விடுவேன், தாளை இரண்டாக்குவேன். வடக்கைத் தொடமாட்டேன். முப்பரிமாண மாதிரியிலிருந்து ஐசோமெட்ரிக்கைத் தானே உருவாக்கும் மென்பொருள்களிலும் வடக்கின் திசையைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடுவது நல்லது.

மற்ற வேலைகளில் நான் கறாராக இருப்பது ஒரு விஷயத்தில்: பார்வையைத் திருப்ப வேண்டிய இடத்தில் மாதிரியைத் திருப்பாதீர்கள். ஆட்டோகேடில் இசட் அச்சு மேல்நோக்கி நிற்கும்; சாலிட்வொர்க்ஸில் ஒய் அச்சு. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோப்பு போனால் பொருள் மல்லாந்து கிடக்கும். உடனே பிடித்து 90 டிகிரி நிமிர்த்திவிடத் தோன்றும். நிமிர்த்தியதும் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாகத்தின் ஆயங்கள் மாறிவிட்டன, பக்கத்துப் பாகத்தின் கோப்போடு அது இனி ஒட்டாது. மாதிரியைத் தொடாமல், எது முன்பக்கம் என்ற பெயரை மட்டும் மாற்றிவைக்க இன்வென்டரிலும் சாலிட்வொர்க்ஸிலும் வசதி இருக்கிறது. ஆட்டோகேடில் பெயரிட்ட யூசிஎஸ் ஒன்றை உருவாக்கிக்கொண்டால் அதே பலன்.

திருப்பிய பார்வையைத் தாளில் இறக்கும்போது எழுத்துகள் தகராறு செய்யும். எழுத்து எப்போதும் நடப்பு யூசிஎஸ் தளத்தில் படுக்கும். பார்வை சாய்வாக இருந்தால் எழுத்தும் சாய்ந்துபோகும். யூசிஎஸ் கட்டளையில் வியூ என்ற தேர்வை எடுத்தால் தளம் திரைக்கு இணையாக வந்துவிடும், எழுத்து நேராக நிற்கும். பார்வையை உறையவைத்துத் தட்டையான கோடுகளாக எடுக்க ஃபிளாட்ஷாட் இருக்கிறது. ஆனால் அது எடுத்த கணத்தோடு நின்றுவிடும். நாளை மாதிரியில் துளை நகர்ந்தால் ஃபிளாட்ஷாட் எடுத்த படத்தில் நகராது. 2012 பதிப்பிலிருந்து இருக்கும் வியூபேஸ் கட்டளையில் தோற்றங்கள் மாதிரியோடு சேர்ந்து புதுப்பிக்கப்படும். திருத்தங்கள் இன்னும் வரும் என்று தெரிந்த வேலைக்கு ஃபிளாட்ஷாட் எடுப்பவரை நான் திட்டாமல் இருக்கச் சற்றுச் சிரமப்படுவேன்.

அச்சிட்ட தாளில் யூசிஎஸ் குறி வராது, வியூக்யூபும் வராது. எந்த மூலையில் நின்று பார்த்தோம் என்பதைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. இதற்காக மூன்று அம்புகள் கொண்ட ஒரு சிறு முப்பரிமாண பிளாக் (வேண்டிய இடத்தில் செருகும் ஆயத்த வடிவம்) வைத்திருக்கிறேன். அம்புகளில் கிழக்கு, வடக்கு, மேல் என்ற எழுத்துகள் தடித்த வடிவங்களாகவே செதுக்கப்பட்டிருக்கும். மாதிரியின் பக்கத்தில், தனி லேயரில் (அடுக்கில்) அது நிற்கும். பார்வை எப்படித் திரும்பினாலும் கூடவே திரும்பும். முன், மேல், பக்கத் தோற்றங்களுக்கான வியூபோர்ட்டுகளில் மட்டும் அந்த லேயரை உறையவைத்துவிடுவேன்.